மைக் கொல்லுமா?

பள்ளி ஆண்டு விழாவில் மைக் முன் நின்று பேசியிருப்பீர்கள். மைக்கில் பிறக்கும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்தான். அது எறும்பைக்கூட ஒன்றும் செய்யாது. ஆனால் 1972 மே 3-ஆம் நாள், வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகர மேடையில் மைக்கைத் தொட்ட கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி மின்சாரம் தாக்கி இறந்தார். 2005 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் வேக்கோ நகரில், ஞானஸ்நானத் தொட்டி நீரில் நின்ற போதகர் கைல் லேக் மைக்கைச் சரிசெய்யக் கை நீட்டினார்; அவரும் பிழைக்கவில்லை.

இது எப்படி? மைக்கின் உலோக உறை, கம்பியைச் சுற்றியுள்ள வலைப்பின்னல் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்துடன் இணைந்திருக்கிறது. உள்ளே காப்பு சிதைந்து மின்கம்பி சட்டத்தைத் தொட்டுவிட்டால், 230 வோல்ட்டும் 30 அடி தள்ளியிருக்கும் மைக்குக்கு வந்து சேரும். மாறாகவும் நிகழலாம்: மைக் எர்த்தோடு சரியாக இணைந்திருக்க, மின்கசிவு நீரில் இருக்கலாம். நடுவில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றே.

ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள். உலர்ந்த தோலின் தடையை 1,00,000 ஓம் எனக் கொண்டால் 2.3 மில்லியாம்பியர், சுருக்கென்று உணர்ந்து கையை எடுத்துவிடுவீர்கள். நனைந்த உடலில் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கும். அப்போது 230 மில்லியாம்பியர்! 10 மில்லியாம்பியரைத் தாண்டினாலே தசைகள் இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகும். 100-ஐ நெருங்கினால் இதயத் துடிப்பே குலையும். 5 ஆம்பியர் ஃபியூஸோ உருகாது. அதன் அளவில் இது இருபதில் ஒரு பங்குகூட இல்லையே.

"ஈரக் கையால் தொடாதே" என்று எச்சரித்தால் போதும் என்பார்கள். போதாது என்பதே நம் கருத்து. மழை தூறும் மேடையில் உலர்ந்த கைக்கு எங்கே போவது? (வியர்வையும் உப்புநீர்தானே!) திருத்த வேண்டியது கருவியை. மைக் செட்டில் 'உம்ம்' என்ற இரைச்சல் எழுந்தால் பிளக்கின் எர்த் முள்ளை நீக்கிவிடுவோர் உண்டு. இரைச்சல் நிற்கும், பாதுகாப்பும் போய்விடும். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுத்தாலே அந்த இரைச்சல் பெரும்பாலும் அடங்குமே! அத்துடன், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பான் வேண்டும். பந்தலுக்கும் மாலைக்கும் செலவிடும் பள்ளிக்கு அது பெருஞ்செலவன்று. நீர் அருகில் என்றால் பேட்டரியில் இயங்கும் கம்பியில்லா மைக்கே நல்லது.

அடுத்த விழாவுக்கு மைக் செட் வரும்போது பிளக்கில் மூன்று முள்ளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையேல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். நீங்களாகக் கைவைக்க வேண்டாம்.