வீட்டுக்கு வரும் கடல்

அரியாங்குப்பத்தை அடுத்த வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் எழுந்தருளிய வரலாற்றை ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். ஓடையில் வலை வீசிய மீனவர் ஒருவருக்கு மீன் அகப்படவில்லை. மரக்கட்டை ஒன்றே சிக்கியது. விறகுக்கு ஆகுமென்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். பின்னர் அதைப் பிளக்கக் கோடரி ஓங்கியபோது கட்டையிலிருந்து குருதி பெருகியது. ஆடி ஐந்தாம் வெள்ளியன்று தேர்வடம் பிடிக்கும் குடும்பங்கள் யாவும் அறிந்த கதை இது.

உயிரென்று அறியாமல் ஒன்றை வீட்டுக்குள் கொணர்வது இன்றும் நிகழ்கிறது. பேரன் கடல்மீன் தொட்டி கேட்கிறான். தாத்தா நல்ல நாள் பார்க்கிறார். அன்றே நீர் நிரப்பி, அன்றே வண்ண மீன்களை விட்டுக் கற்பூரமும் காட்டியாகிறது. ஒரு வாரத்துக்குள் மீன்கள் செத்து மிதக்கின்றன.

குற்றம் நாளில் இல்லை, நீரில் இருக்கிறது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கும். அதைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் இரா. காய்ச்சிய பால் தயிராவதற்கு உறைமோரும் பொழுதும் வேண்டுவதுபோல, அவை பெருகவும் நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். நல்ல நாளில் நீர் நிரப்பலாம். மீன் ஒரு மண்டலம் பொறுத்து வருவதே முறை.

கடல் அருகிலிருக்க உப்பு எதற்கு என்று கேட்கலாம். அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடம் அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோர நீரின் உவர்ப்பு குறையும், ஊர்க்கழிவும் சேரும். ஆகவே மீன்தொட்டிக்கென விற்கும் கடலுப்பையே நன்னீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் கரைக்கின்றனர். சமையல் உப்பு ஆகாது. 4 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 450 லிட்டர் கொள்ளும். அதற்கு உப்பு மட்டுமே 16 கிலோ. கண்ணாடியோடு சேர்ந்து எடை அரை டன்னைத் தாண்டும். பழைய மாடி வீட்டில் இதைக் கீழ்த்தளத்தில்தான் வைக்க வேண்டும். நீர் ஆவியானாலும் உப்பு தங்கிவிடும். ஆதலால் குறைந்த அளவுக்கு நன்னீரே ஊற்ற வேண்டும். உப்புநீர் ஊற்றிக் கெடுத்தவர் பலர்.

சைவ உணவு உண்ணும் குடும்பத்தினர் முன்னமே யோசிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடல்மீன்களில் பெரும்பாலானவை இறாலும் சிறு உயிர்களும் தின்பவை. உலர்தீனியிலும் மீன்தூள் கலந்தே வரும். கோயில் குளத்துக் கெண்டைக்குப் பொரி போடுவதுபோல் இங்கே செய்ய இயலாது. அடுக்களைக் குளிர்பெட்டியில் உறைந்த இறாலுக்கு இடம் தர மனமில்லாத வீட்டில் இந்தத் தொட்டி வேண்டாம்.

மீன் இறந்தால் வீட்டின் தோஷத்தை அது வாங்கிக்கொண்டது என்று ஆறுதல் கூறுவோர் உண்டு. அம்மோனியாவால் இறந்த உயிரின்மேல் அந்தப் பழியையும் ஏற்றுவது தகாது.

தொட்டியின் அழகுக்கென வைக்கும் பவளப்பாறைத் துண்டும் கல்லன்று. நுண்ணிய உயிர்கள் ஆயிரமாயிரம் கூடிக் கட்டிய வீடு அது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 முதல் பாறை கட்டும் பவளங்களும் கடல்குதிரைகளும் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். கடையில் யாரேனும் ஒளித்துத் தந்தாலும் வாங்கலாகாது.

மீனிலும் இந்தப் பகுத்தறிவு வேண்டும். கடலில் வலையிட்டுப் பிடித்த மீனைவிடப் பொரிப்பகத்தில் பிறந்த மீன் தொட்டிக்கு எளிதில் பழகும். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும் கண்டிருக்கின்றனர்.

கோமாளி மீன் நன்கு பேணினால் பத்தாண்டுக்கு மேலும் வாழும். பேரன் கல்லூரிக்குப் போய்விடுவான். பாட்டியும் தாத்தாவுமே தீனி இடுவர். மின்வெட்டு நீண்டால் காற்றுக்குழாய் நின்றுவிடாமல் பார்க்க வேண்டியவரும் அவர்களே. முடியாமற்போகும் நாளில் புண்ணியமென்று திருக்குளத்தில் விட்டுவிட எண்ணுவோர் உண்டு. நன்னீரில் கடல்மீன் பிழைக்காது. நோய் பரவும் என்பதால் கடலிலும் விடலாகாது. வாங்கிய கடைக்காரரிடமோ, தொட்டி வைத்திருக்கும் வேறொரு வீட்டாரிடமோ, அதே உப்புநீரோடு ஒப்படைக்க வேண்டும்.