கையெழுத்து ஒத்துப்போகலையாம்!

உங்க கையெழுத்து காலையில ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி வருதா? எனக்கு வருது. பேனா மாறினா மாறுது. அவசரத்துல போட்டா கடைசி எழுத்தே காணாமப் போகுது. அதுக்காக நான் ரெண்டு ஆளாயிட்டேனா?

ஆயிட்டேனாம். ஸ்கூடாய் பக்கம் ஒரு தாமான்ல வீடு பார்த்தேன். ரெண்டு மாச டெப்பாசிட், அரை மாசம் தண்ணி-கரண்டுக்கு, ஒரு மாசம் முன்வாடகை. எல்லாத்தையும் பேங்க்ல போட்டாச்சு. ஒப்பந்தத்துலயும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சு. இனி சாவிதானே? வாட்ஸ்அப்ல ஏஜெண்ட் தம்பி: "அண்ணே, சைன் சேம் இல்ல. ஓனர் திரும்பப் போடச் சொல்றாரு."

பக்கத்துக்குப் பக்கம் ஓரத்துல போடுறது சின்னக் கையெழுத்து, கடைசிப் பக்கத்துல போடுறது முழுசு. ரெண்டும் எப்படிப்பா ஒண்ணா இருக்கும்னு கேட்டேன். "அப்ப ஐசியில இருக்கிற மாதிரியே போட்டுடுங்கண்ணே" என்றான்.

உங்க மைகார்டை எடுத்துப் பாருங்க. உங்க கையெழுத்து எங்கேயாவது இருக்கா? சிப்புக்குள்ள கட்டைவிரல் ரேகைதான் இருக்கு. வெளியே இருக்கிற ஒரே கையெழுத்து, பின்பக்கத்துல தேசியப் பதிவுத் துறைத் தலைமை இயக்குநர் போட்டது. அதை நான் போட்டா போலீஸ்தான் வரும்!

பேங்க்காரனே கார்டுக்குக் கையெழுத்து வேண்டாம்னு விட்டுட்டான். 2017 ஜூலையிலிருந்து ஆறு இலக்கப் பின் நம்பர்தான். நம்ம வீட்டுக்காரர்தான் இன்னும் பூதக்கண்ணாடியோட உட்கார்ந்திருக்கார்.

சட்டம் என்ன சொல்லுது? 1950-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் கேட்கிறது, ரெண்டு பேரும் மனசார ஒத்துக்கிட்டாங்களா, ஒப்பந்தம் போடத் தகுதி உள்ளவங்களா, கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்கு உட்பட்டதா என்பதைத்தான். கையெழுத்து அழகா இருக்கா, போன வருஷம் போட்ட மாதிரியே இருக்கா என்று அது கேட்கல. 'இது நான் போட்டதே இல்ல'ன்னு ஒருத்தர் மறுத்தாத்தான் பிரச்சினையே. அப்போ சாட்சிச் சட்டம் 73-ஆம் பிரிவுப்படி நீதிபதியே ரெண்டு கையெழுத்தையும் பக்கத்துல வச்சுப் பார்க்கலாம். நிபுணரைக் கூப்பிடலாம். பேங்க்ல போன பணம், கை மாறின சாவி, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் சாட்சிக்கு வரும். நான் எங்கே மறுத்தேன்? நாந்தான் போட்டேன்னு தலையில அடிச்சுச் சொல்றேனே!

இன்னொண்ணு தெரியுமா? ரெண்டு கையெழுத்து அச்சு அசலா ஒண்ணா இருந்தாத்தான் நிபுணருக்கே சந்தேகம் வரும். மேலே தாளை வச்சு வரைஞ்சானோன்னு பார்ப்பார். மனுஷன் கை மெஷினா என்ன?

சரி, இவ்வளவு கறாரா இருக்கிறவங்களாச்சேன்னு நானும் கேட்டேன்: "தம்பி, ஸ்டாம்ப் அடிச்சாச்சா?"

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்ணே."

அப்புறமாம்! கையெழுத்துப் போட்ட 30 நாளுக்குள்ள அடிக்கணும். 1949-ஆம் வருஷத்து முத்திரைச் சட்டப்படி, ஸ்டாம்ப் இல்லாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டு சாட்சியாவே ஏத்துக்காது. முன்னாடி வருஷ வாடகையில முதல் 2,400 வெள்ளிக்கு விலக்கு இருந்துச்சு, 2025 ஜனவரியோட அதுவும் போச்சு. மாசம் 1,500 வெள்ளி வாடகைன்னா ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு 72 வெள்ளி, ரெண்டு வருஷத்துக்கு 216. தாமதமானா அபராதம் 50 வெள்ளியிலிருந்து ஆரம்பம். 2026-லிருந்து கணக்கையும் நாமே போட்டு வரி இலாகாவுக்கு அனுப்பணும். ஒப்பந்தத்துக்கு உயிர் கொடுக்கிற காரியம் அப்புறம், என் கையெழுத்துல ஒரு சுழி குறைஞ்சது மட்டும் இப்பவே! தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறதுன்னா இதுதான்.

வேடிக்கையைக் கேளுங்க. ஓனர் சிங்கப்பூர்ல வேலை. அவர் இடத்துல கையெழுத்துப் போட்டது ஏஜெண்ட். அதுக்கு அதிகாரக் கடிதம் இருக்கா? யாருக்குத் தெரியும்! சாட்சிக் கையெழுத்து? ஏஜெண்ட் ஆபீஸ்ல யாரோ ஒரு தங்கச்சி. நான் போட்டதை அந்தப் பிள்ளை பார்க்கவே இல்ல. வீடு அவர் பேர்லதான் இருக்கான்னு நிலப் பட்டாவைக் காட்டச் சொன்னா, "நம்பிக்கை இல்லையாண்ணே?" என்று முகம் சுருங்குது. சந்தேகம் எப்பவும் கீழ்நோக்கித்தான் பாயுமோ?

கேட்கவும் பயமா இருக்கு. சிங்கப்பூருக்கு ஆர்டிஎஸ் ரயில் வரப்போகுதுன்னு சொல்லியே ஜொகூர் பாருவுல வாடகை ஏறுது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நாலே கிலோமீட்டர் பாதை. அதுக்கு ஸ்கூடாய்ல இருக்கிற நான் ஏன் கூடக் கொடுக்கணும்னு யாரைக் கேட்பேன்? நீங்க இல்லன்னா வரிசையில பத்துப் பேர். வாடகைக்குன்னு தனிச் சட்டம் கொண்டுவரப் போறாங்கன்னு பல வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கோம். வீட்டுக்காரர் கோர்ட்டு உத்தரவு இல்லாம வாடகைக்காரரை வெளியேத்த முடியாதுன்னு குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 7(2) பிரிவு சொல்லுது. எத்தனை ஓனருக்குத் தெரியும்? பூட்டை மாத்தத்தான் தெரியும்.

கடைசியில என்ன செஞ்சேன்? திரும்பப் போட்டுக் கொடுத்தேன். பள்ளிப் பையன் கோடு போட்ட நோட்டுல எழுதுற மாதிரி, பக்கத்துக்குப் பக்கம் நிதானமா. பணம் அவங்ககிட்ட, சாவியும் அவங்ககிட்ட. சட்டம் பேசி நடுரோட்டுல படுக்கவா?

இதுக்கு முன்னாடி இருந்த வீட்டு டெப்பாசிட் இன்னும் கைக்கு வரல. கேட்டா, "சுவர்ல ஆணி அடிச்சிருக்கீங்க"ன்னு அந்த ஓனர் இழுத்துக்கிட்டே இருக்கார். அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்து பிரமாதமா ஒத்துப்போகுது!