கடற்கரைச் சாலையில் இரு வங்கிகள்

மணப்பாறை என்றதும் முறுக்கும் மாட்டுச் சந்தையும்தாம் பலருக்கு நினைவுக்கு வரும். துண்டுக்கு அடியில் விரல் தொட்டு விலை பேசி, ரொக்கத்தை எண்ணி மடியில் முடிந்துகொண்டு சந்தையிலிருந்து வீடு திரும்பிய தலைமுறைக்கு வங்கி என்பது எட்டாத் தொலைவில் இருந்தது. இன்றோ வங்கிக் கணக்கு இல்லாத வீடு அரிது. வளைகுடா நாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் பணமும், மகளின் திருமணத்துக்கென்று தாய் சேர்த்த சிறு தொகையும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. வட்டியை நாடாமல், பாதுகாப்பு ஒன்றையே கருதி வங்கியில் பணம் வைப்போரும் நம்மிடையே உளர்.

அவ்வாறு நாம் ஒப்படைக்கும் பொருளுக்கு எது காவல்? சென்னையின் பழைய வணிகப் பகுதியில் நிற்கும் ஒரு வங்கிக் கட்டடமும், அதே சாலையில் ஒரு காலத்தில் ஓங்கி நின்ற மற்றொரு நிறுவனத்தின் கதையும் சேர்ந்து இக்கேள்விக்கு விடை கூறுகின்றன.

மண்ணடிக்குச் சரக்கெடுக்கச் செல்லும் நம் வணிகர்கள், அருகிலுள்ள ராஜாஜி சாலையில் குவிமாடங்களும் வளைவுகளும் கொண்ட செந்நிறக் கட்டடம் ஒன்றைக் கண்டிருப்பர். இப்பொழுது பாரத ஸ்டேட் வங்கிக்கு உரியது அது. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தோடு தொடர்புடைய ஹென்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில், புகழ்பெற்ற ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தது. ஆண்டு 1897. முகலாயர் மரபையும் இந்து மரபையும் ஐரோப்பிய மரபையும் இணைத்த இந்தோ-சாரசனிக் பாணி என்று இதனைச் சொல்வர். நம் முன்னோரின் பள்ளிவாசல்களையும் அரண்மனைகளையும் அழகு செய்த வளைவும் மாடமும், இங்கே பணம் காக்கும் மனைக்கு அணியாயின.

இது சென்னை வங்கிக்காக எழுப்பப்பட்ட கட்டடம். 1843ஆம் ஆண்டில் தோன்றிய அவ்வங்கி, அரசே நோட்டு வெளியிடும் உரிமையைத் தன் கையில் எடுத்துக்கொண்ட 1861 வரை, தன் பெயரிலேயே நோட்டுகளை வெளியிட்டது. 1921இல் வங்காள வங்கி, பம்பாய் வங்கி ஆகியவற்றோடு இணைந்து இம்பீரியல் வங்கி ஆயிற்று. 1955 ஜூலை 1ஆம் நாள் அதுவே பாரத ஸ்டேட் வங்கியாக மாறியது. 2014 ஜூலையில் மூண்ட தீ கட்டடத்துக்குச் சேதம் விளைவித்தது. கட்டடம் எரிந்த செய்தி கேட்டும், தம் சேமிப்பு போயிற்றே என்று எவரும் அலறி ஓடவில்லை என்பதை நாம் கருத வேண்டும்.

இதற்கு நேர்மாறான காட்சியை அதே கடற்கரைச் சாலை நூறாண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறது. அங்கே அர்பத்நாட் கம்பெனி என்றொரு நிறுவனம் இருந்தது. பாரி, பின்னி ஆகிய பெயர்களுக்கு நிகராக மதிக்கப்பட்ட ஆங்கிலேய நிறுவனம் அது. வாணிபத்தோடு பொதுமக்களின் வைப்புத் தொகையையும் ஏற்று வந்தது. ஓய்வூதியம் பெறுவோரும் அரசு ஊழியரும் சிறு வணிகரும் அதனை மலைபோல் நம்பினர். 1906 அக்டோபர் 22ஆம் நாள் அந்த மலை சரிந்தது. லண்டனில் இருந்த பங்காளி மக்ஃபாடியன் ஊக வாணிபத்தில் பணத்தை இழந்து, சரிவுக்குச் சற்று முன்பே தற்கொலை செய்துகொண்டார். சென்னையில் பல்லாயிரம் குடும்பங்கள் கதறின. கட்டடத்தில் ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை. உள்ளே இருந்த நம்பிக்கைதான் பெயர்ந்தது. நிறுவனத் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். பணத்தைப் பறிகொடுத்தோருக்கு அத்தண்டனை எப்படி ஈடாகும்?

அந்தத் துயரத்திலிருந்து ஒரு நன்மை பிறந்தது. நம்மவர் பணத்தை நம்மவரே காக்க வேண்டும் என்று வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயன்றார். நாட்டுக்கோட்டை நகரத்தார் துணை நின்றனர். 1907 ஆகஸ்ட் 15ஆம் நாள் இந்தியன் வங்கி செயல்படத் தொடங்கிற்று. பின்னாளில் அர்பத்நாட் கம்பெனி இருந்த இடமே அவ்வங்கிக்கு உரியதாயிற்று. நம்பிக்கை முறிந்த மண்ணிலேயே நம்பிக்கை மீண்டும் ஊன்றப்பட்டது!

அன்று வங்கிகளைக் கண்காணிக்க ரிசர்வ் வங்கி இல்லை. அது 1935இல்தான் வந்தது. 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்த பின்னரே, வைப்புத் தொகைக்குக் காப்பீடு வேண்டும் என்ற எண்ணம் சட்டமாயிற்று. 1962இல் ஒருவருக்கு 1,500 ரூபாய் என்று தொடங்கிய அப்பாதுகாப்பு, 1993இல் 1 லட்சமாகவும், 2020இல் 5 லட்சமாகவும் உயர்ந்தது. ஒரு வங்கியில் ஒருவர் வைத்துள்ள முதலும் வட்டியும் சேர்ந்தே இந்த 5 லட்சம் என்பதை மறத்தலாகாது.

இல்லத்தரசிகள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இக்காப்பீடு வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் உரியது. பளிங்குத் தரையும் குளிரூட்டிய அறையும் காட்டி வைப்புத் தொகை கேட்கும் நிதி நிறுவனங்களுக்கும், நகைக்கடைச் சேமிப்புத் திட்டங்களுக்கும், ஏலச் சீட்டுகளுக்கும் இது பொருந்தாது. "பெரிய கட்டடம், பெரிய இடம்" என்று எண்ணியே அன்று சென்னை மக்கள் ஏமாந்தனர். ஆகவே பணம் கொடுக்குமுன், "உங்களைக் கண்காணிப்பவர் யார்? எங்கள் தொகைக்குக் காப்பீடு உண்டா?" என்று துணிந்து கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. விடை சொல்லத் தயங்குபவரிடம் பணத்தைக் கொடாதீர்கள்.

பிறர் பொருளைத் தம் பொறுப்பில் ஏற்பது அமானிதம். அதைக் காப்பது வாங்கியவர் கடமை. தக்கவரிடம் ஒப்படைப்பது கொடுப்பவர் கடமை. அடுத்த முறை ராஜாஜி சாலை வழியே செல்லும்போது அந்தச் செந்நிற மாடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவற்றின் அழகோடு, அர்பத்நாட் கம்பெனியின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.