சாவி யார் கையில்?

வேர்ட்பிரஸ் எல்லோருக்கும் சொந்தம் என்கிறார்கள். உலக இணையதளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. 2003 முதல் எத்தனையோ பேர் கூலியில்லாமல் எழுதி, திருத்தி, மொழிபெயர்த்து வளர்த்த கட்டற்ற மென்பொருள் அது. சரி, அதன் சாவி யாரிடம்?

2024 செப்டம்பரில் தெரிந்தது. திட்டத்தின் தலைவர் மேட் முல்லென்வெக். அதை வைத்துத் தொழில் செய்யும் ஆட்டோமாட்டிக் நிறுவனத்தின் தலைமை அதிகாரியும் அவரே. அப்டேட்டும் பிளக்இன்னும் இறங்குகிற வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் தளமும் அவருடைய சொந்த உடைமை! பெயரைப் பயன்படுத்த வருமானத்தில் 8 சதவீதம் கேட்டார்கள். போட்டி நிறுவனமான டபிள்யூபி என்ஜின் தரவில்லை. உடனே சர்வர் கதவு அடைக்கப்பட்டது. அக்டோபரில், அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லை என்று டிக் அடித்தால்தான் தன்னார்வலரும் தளத்தில் நுழையலாம் என்றானது. டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் தலையிட்டுக் கதவைத் திறக்கவைத்தது. டபிள்யூபி என்ஜின் ஏழையல்ல, அதன் பின்னால் சில்வர் லேக் என்ற பெருமுதலீடு நிற்கிறது. அவர்களுக்காக நாம் அழவில்லை. ஆனால் 2025 ஜனவரியில், தலைமை மாற வேண்டும் என்று பேசிய பங்களிப்பாளர்களின் கணக்குகளும் முடக்கப்பட்டனவே, அதற்கு என்ன பதில்?

உரிமம் இருக்கிறதே என்பார்கள். பொதுக்குளங்கள் எல்லோருக்கும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சியும் ஏற்றது. ஆனாலும் 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் திரண்டு போய்த்தான் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ள முடிந்தது. அந்தக் கொடுமையும் இதுவும் ஒன்று என்று சொல்லவில்லை. தாளில் உள்ள உரிமை கைக்கு வர எவ்வளவு தூரம் என்பதைச் சொல்கிறோம். ஜிபிஎல் உரிமம் நிரலைத் தரும். சர்வரை, பெயரை, முடிவெடுக்கும் நாற்காலியைத் தராது.

பிடிக்காவிட்டால் நகலெடுத்துத் தனியாகப் போ என்கிறார்கள். சேரிக்குத் தனிக்கிணறு வெட்டிக்கொள் என்று கேட்டுப் பழகிய காதுகள் தோழர்களே, நமக்கு!

வேறு வழி இல்லாமலில்லை. பைத்தான் மொழியை உருவாக்கிய கீடோ வான் ராசம் 2018இல் தலைமையை விட்டார். இப்போது தேர்தலில் வரும் ஐவர் குழு நடத்துகிறது; ஒரே நிறுவனத்திலிருந்து இருவருக்கு மேல் அதில் இருக்க முடியாது. அடுத்தமுறை கட்டற்ற மென்பொருளுக்கு உழைக்க வா என்று யாராவது அழைத்தால் முதலில் கேளுங்கள்: சர்வர் யாருடையது, பெயர் யாருடையது, தலைவரை மாற்ற எங்களுக்கு ஓட்டு உண்டா?