நடுப்பகலில் சாத்திய கதவு

அமிர்தாஞ்சனத்தைத் தோற்றுவித்த காசிநாதுனி நாகேசுவரராவ் பந்துலுவின் பெயரால் மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் விளங்கும் பூங்காவுக்கு, கிழக்கு வெளுக்கும் வேளையில் போய், ஒரு பெஞ்சில் அமர்ந்து வருவோர் போவோரைச் சிறிது நேரம் கவனிக்கிற எவருக்கும், இந்த ஜனங்களை அங்கே இழுத்துவருவது செடி கொடிகளின் அழகு மாத்திரமன்று என்பது விளங்கிவிடும். சர்க்கரை ஏறிவிட்டது, தினந்தோறும் நடந்தே தீரவேண்டும் என்று வைத்தியர் கண்டிப்பாய்ச் சொன்னதால் வருகிறவர் ஒருவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பேச்சுத் துணைக்கு ஏங்கி வருகிறவர் இன்னொருவர். அடுப்படி வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூட வேனுக்கும் இடையே கிடைக்கும் அரைமணி அவகாசத்தைத் தமக்கென்று பிடிவாதமாய்க் காப்பாற்றிவரும் குடும்பப் பெண் மற்றொருவர். நடை முடிந்து வெளியே வருகிறவர்களுக்காக, அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் வைத்துக்கொண்டு வாயிலில் நிற்கும் வியாபாரிக்கும் இந்த ரகசியம் நன்றாகத் தெரியும்.

மாலையில் வருகிற கூட்டம் வேறு. ஒரு காலத்தில் பெரிய ஏரியாயிருந்த நிலத்தில் எழுந்த தியாகராய நகரின் நடுவே, 1921 முதல் 1926 வரை சென்னை ராஜதானியின் முதன்மந்திரியாயிருந்த பனகல் அரசரின் பெயரைத் தாங்கிய பூங்கா இருக்கிறதே, அதைப் போன்ற இடங்களில் அந்தி வேளையில் ஊஞ்சலுக்குக் காத்திருக்கும் குழந்தைகளையும், ஜவுளிப் பைகளைக் காலடியில் வைத்து இளைப்பாறும் தாய்மார்களையும், ஒதுங்கிய பெஞ்சைத் தேடும் இளம் ஜோடிகளையும் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதைப்பற்றி விரித்துரைக்க அவசியமில்லை.

நான் சொல்ல வந்தது இவ்விரண்டு கூட்டத்துக்கும் நடுவே உள்ள நேரத்தைப்பற்றி. நம் நகரங்களின் பழைய பூங்காக்களில் குடை விரித்தாற்போல் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைச் சற்று உற்றுப் பார்த்தவர்கள், அந்தி சாய்ந்ததும் அதன் இலைகள் இரண்டிரண்டாய்க் கூம்பி, கிளைகளுக்கிடையே வானம் தெரியத் தொடங்குவதையும், மழை மூட்டத்திலும் அவ்விதமே அவை மடங்கிக்கொள்வதையும் கண்டிருப்பார்கள். வெயில் உக்கிரமாயிருக்கும் பொழுதிலோ அந்த இலைகள் பூரணமாய் விரிந்து, மண்ணில் ஒரு காசளவு வெளிச்சத்துக்கும் இடங்கொடாமல் நிழலைப் பரப்புகின்றன. மரம் தன் கொடையை முழுவதுமாய் வழங்குகிற அந்த நேரத்தில்தான் சில பூங்காக்களில் கதவைச் சாத்திப் பூட்டுப் போடுகிறார்கள்.

காலையில் வருகிறவருக்கும் மாலையில் வருகிறவருக்கும் திரும்பிப் போக வீடு இருக்கிறது, மின்விசிறியும் இருக்கிறது. நண்பகலில் நிழல் நாடுகிறவர் யார்? வீடு வீடாய்ச் சாப்பாடு கொண்டுசேர்த்துவிட்டு அடுத்த ஆர்டர் வரும்வரை தெருவிலேயே நிற்கவேண்டியவர். உறவினரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பார்வை நேரத்துக்காகக் காத்திருக்கும் வெளியூர்க்காரர். வீட்டில் தனி அறை இல்லாததால் போட்டித் தேர்வுப் புத்தகத்தோடு இடந்தேடி அலையும் வாலிபர். நாள் முழுவதும் நின்றே வியாபாரம் செய்யும் கடைப் பெண்கள். கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் நம் சட்டமன்றம் சட்டம் செய்யவேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இவர்களுக்கு ஒரு பெஞ்சு எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும்.

சென்ற சித்திரையில், கத்திரி தொடங்குவதற்கு முன்னரே வெயில் தகிக்கத் தொடங்கிவிட்ட ஒருநாள், ஒரு மணி சுமாருக்கு நான் ஒரு பூங்காவின் மதிலோரமாய் நடந்துபோனேன். கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளிருந்து மதிலைத் தாண்டி நீண்டிருந்த ஒற்றைக் கிளையின் நிழல் நடைபாதையில் ஒரு பாயளவு விழுந்திருக்க, அதற்குள் தம் மோட்டார் சைக்கிளை ஒடுக்கி நிறுத்தி, சாப்பாட்டுப் பையை இருக்கையில் வைத்து, நின்றபடியே தயிர்சாதம் உண்டுகொண்டிருந்தார் ஒருவர். நான் அருகில் வந்ததும், நிழலில் எனக்கும் இடம் வேண்டுமென்று எண்ணினாரோ என்னவோ, டப்பாவைக் கையில் ஏந்தியவாறே சற்று நகர்ந்துகொண்டார். மதிலுக்கு அப்பால் பத்துப் பதினைந்து பெஞ்சுகள் காலியாய்க் கிடந்தன.

பூட்டுவதற்குக் காரணங்கள் சொல்லுகிறார்கள்: துப்புரவு நடக்கவேண்டும், காவலாளிகள் போதவில்லை, வேலையற்றோர் வந்து படுத்து உறங்குவார்கள் என்று. துப்புரவைப் பூங்காவின் ஒரு பாகம் முடிந்தபின் மறுபாகமாய்ச் செய்யலாம். காவலாளி போதாதென்றால் ஒரு வாயிலை மாத்திரம் திறந்துவைக்கலாம். உறங்குவது குற்றமென்று நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். இரவெல்லாம் உழைத்தவன் பகலில் மரத்தடியில் கண்ணயர்ந்தால் பொதுச் சொத்து அதன் பிரயோஜனத்தை அடைந்தது என்றே கொள்ளவேண்டும். ஜனங்களின் பூங்கா என்று பெயர் சூட்டி, கவர்னர் டிரவெலியன் காலத்தில் சென்ட்ரல் பக்கத்தில் 116 ஏக்கரில் அமைத்த தோட்டம், மூர் மார்க்கெட்டுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் விளையாட்டரங்குக்கும் கொஞ்சங் கொஞ்சமாய் இடங்கொடுத்துத் தேய்ந்துபோயிற்று. அவ்வளவு நிலத்தை இழந்த பட்டணம், எஞ்சியிருக்கும் நிழலையும் சில இடங்களில் பகலில் பூட்டிவைப்பது எனக்கு மிகுந்த துக்கத்தைத் தருகிறது.

2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வெயில் காய்ந்ததை மறந்திருக்கமாட்டோம். அத்தகைய நாள் மறுபடி வராதென்று யாரும் உத்தரவாதம் அளிக்க முடியாது. ஆகையால், பூட்டுப் போடும் பூங்காக்களின் நிர்வாகிகள் வருகிற கத்திரிக்கு முன்பாகவே, ஒவ்வொரு பூங்காவிலும் பெருமரத்துக்கு அண்மையிலுள்ள வாயிலையாவது நாள் முழுவதும் திறந்துவைத்து, அங்கே ஒரு பானைத் தண்ணீரும் வைத்து, கழிப்பிடத்தின் பூட்டையும் எடுத்துவிடவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.