'பொறுப்புடன் விளையாடுங்கள்': சரி, யாருடைய பொறுப்பு?

ஐபிஎல் ஓவர் இடைவேளையில் வந்துபோன ஃபேன்டஸி ஆப் விளம்பரங்களுக்கெல்லாம் ஒரே வால் இருந்தது. இதில் நிதி அபாயம் உண்டு, அடிமையாகலாம், பொறுப்புடன் விளையாடவும் என்று ஒரு எச்சரிக்கை. பார்த்துப் பார்த்துப் பழகி, கடைசியில் யாருமே கவனிக்காமல் போன வரி அது. சூதாட்ட நிறுவனங்கள் 'கோட் ஆஃப் எதிக்ஸ்' என்று பக்கம் பக்கமாக எழுதி வைப்பதன் சுருக்கம்தான் அந்த வரி.

அப்படி என்னதான் இருக்கும் அதில்?

18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. ஆட்டக்காரர் தனக்குத்தானே செலவு வரம்பு வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று தோன்றினால் கணக்கை முடக்கச் சொல்லலாம். தடுமாறுகிறவர்களை ஊழியர்கள் அடையாளம் கண்டு உதவுவார்கள். படிக்கும்போது நல்லாத்தான் இருக்கும். ஆனால், அதை முழுசாகக் கடைப்பிடித்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால்தான் சிக்கல் புரியும்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் உள்ள கிரவுன் கேசினோ இதற்கு நல்ல உதாரணம். பொறுப்பான சூதாட்டத்துக்கு என்றே தனியாக ஒரு நடத்தை விதித்தொகுப்பை அது வைத்திருந்தது. இந்த விஷயத்தில் உலகத் தரம் எங்களுடையது என்றும் சொல்லிக்கொண்டது. 2021-ல் ரே ஃபிங்கல்ஸ்டீன் தலைமையிலான ராயல் கமிஷன் விசாரித்தபோது சாயம் வெளுத்தது. தினமும் சராசரியாக 64,000 பேர் வந்துபோகும் இடத்தில், ஆட்டக்காரர்களைக் கவனிக்க இருந்த ஆலோசகர்கள் 12 பேர். சிலர் இடைவெளியே இல்லாமல் 24 மணி நேரத்துக்கும் மேல் ஆடியிருக்கிறார்கள். ஒரு முழு நாள்! விதித்தொகுப்பு பாட்டுக்கு அலமாரியில் இருந்தது.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஸ்லாட் மெஷின் பட்டனில் சின்ன பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிட்டால், கை வைக்காமலே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். பணமும்தான். அதையும் கேசினோ தடுக்கவில்லை. 2022 நவம்பரில் விக்டோரியா மாநில ஒழுங்குமுறை ஆணையம், இந்தக் குற்றங்களுக்காக மொத்தம் 12 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அப்போதைய மதிப்பில் 600 கோடி ரூபாய்க்கு மேல்.

ஊழியர்கள் மோசமானவர்கள் என்று இதை முடித்துவிட முடியாது. ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010-ல் ஒரு கணக்கு சொன்னது. ஸ்லாட் மெஷின்களில் செலவாகும் பணத்தில் சுமார் 40 சதவீதம், சூதாட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் தவிப்பவர்களிடமிருந்து வருகிறது. அதாவது, விதித்தொகுப்பு யாரைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறதோ, அவர்தான் கடையின் பெரிய கஸ்டமர். அவரைத் தோளில் தட்டி 'போதும், வீட்டுக்குப் போங்க' என்று சொல்லும் ஊழியர், தன் கம்பெனி வருமானத்தைத்தான் வெளியே அனுப்புகிறார். எந்த மேனேஜர் அதற்குக் கைதட்டுவார்?

பிறகு கிரவுனில் மாற்றம் வந்தது. ஸ்லாட் மெஷினில் ஆட அட்டை கட்டாயம். மூன்று மணி நேரம் தொடர்ந்து ஆடினால் 15 நிமிட இடைவேளை கட்டாயம். வெளியே இருந்து அழுத்தம் வந்து, லைசென்ஸே ஆடிப்போன பிறகுதான் இதெல்லாம் நடந்தது.

நம்ம ஊரில் என்ன நடந்தது?

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒரு விதி கொண்டுவந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களில் நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 வரை லாகின் கூடாது. ஆதார் வழியே சரிபார்ப்பும் கட்டாயம். அடுத்த மாதமே இந்தியாவின் மூன்று ஆன்லைன் கேமிங் கூட்டமைப்புகள் சேர்ந்து பொது நெறிமுறை ஒன்றில் கையெழுத்திட்டன. வயது சோதனை, செலவு வரம்பு எல்லாம் அதிலும் இருந்தன. இன்னொரு பக்கம், அந்த ஐந்து மணி நேர ஓய்வை எதிர்த்து கேமிங் நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நின்றன. ஆதார், தனியுரிமை பற்றிய அவர்களது வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டுதான். ஆனால், ராத்திரி ரெண்டு மணிக்கு ரம்மி ஆடுகிறவரைத் தூங்க அனுப்புவதில் என்ன ஆட்சேபம்? 2025 ஜூனில் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டமே வந்து, பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மொத்தமாகத் தடை போட்டது. கூட்டமைப்புகளின் நெறிமுறைக்கு அப்போது வயது ஐந்து மாதம்.

இந்தத் தடை சரியா என்பது தனி விவாதம். தடைக்குப் பயந்து ஒதுங்கியவை, முகவரி தெரிந்த நிறுவனங்கள். வெளிநாட்டு பெட்டிங் தளங்களுக்கு அந்த எச்சரிக்கை வரிகூடக் கிடையாது.

கோவாவில் மாண்டோவி ஆற்றுக் கேசினோ கப்பல்கள் இந்த ஆன்லைன் சட்டத்துக்குள் வராது. அங்கே போகிறவர்களோ, இதுபோன்ற நிறுவனங்களில் வேலைக்குச் சேர்கிறவர்களோ, நெறிமுறை ஆவணம் கையில் கிடைத்தால் ரெண்டு விஷயம் தேடிப் பார்க்கலாம். வருமானத்தில் எத்தனை சதவீதம், அதிகம் தோற்கிறவர்களிடமிருந்து வருகிறது? ஒருவரை ஆட்டத்திலிருந்து எழுப்பி அனுப்பும் ஊழியரின் இன்சென்டிவ் கூடுமா, குறையுமா?