ஊரை அடைக்காமல் தொற்றைத் தடுக்கலாம்: கொரோனா காலம் தந்த பாடம்

2025 மே 20 அன்று ஜெனீவாவில் உலக நாடுகள் கூடி, பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டன. அடுத்த முறை இப்படியொரு நோய் வந்தால் தடுப்பூசியும் மருந்தும் ஏழை நாடுகளுக்கும் காலத்தில் கிடைக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கம். நல்ல செய்திதான். ஆனால் ஊசி வந்து சேரும்வரை ஊர் என்ன செய்வது?

கொரோனா ஊரடங்கு 2020 மார்ச் 25-ல் தொடங்கியது. நம் நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கியது 2021 ஜனவரி 16-ல். இடையில் ஏறத்தாழ பத்து மாதம். அந்த நாட்களில் என்னைத் தொலைபேசியில் அழைத்த விவசாயிகள் பலர் முதலில் கேட்டது நோயைப் பற்றி அல்ல, "காயை எங்கே கொண்டுபோய் விற்பது சார்?" என்றுதான். விவசாய வேலைக்கு அரசு விலக்கு அளித்திருந்தும், வண்டியும் சந்தையும் இல்லாமல் காய், பூ, பழம் பல இடங்களில் வீணாயின.

சந்தையை என்ன செய்வது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு. கோயம்பேட்டில் நெரிசலோடு வியாபாரம் தொடர்ந்தது. அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களுக்குத் தொற்று பரவியது. 2020 மே 5-ல் சந்தையை மூடி, காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். ஆனால் பல ஊர்களில் உழவர் சந்தையை முன்கூட்டியே பேருந்து நிலையத்துக்கும் மைதானத்துக்கும் மாற்றி, கடைகளை இடைவெளி விட்டுப் போட்டார்கள். விற்பனையும் நிற்கவில்லை, நெரிசலும் குறைந்தது. ரேஷன் கடையில் நாளும் நேரமும் குறித்த டோக்கன் கொடுத்ததும் இதே வழிதான்.

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை எபோலா நோய் 11,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஆரம்பத்தில் இறந்தவர் உடலைக் குடும்பத்திடம் காட்டாமல் எடுத்துச் சென்றதால், பலர் நோயையும் சாவையும் மறைத்தார்கள். பிறகு ஊர்ப் பெரியவர்களையும் மதத் தலைவர்களையும் சேர்த்துக்கொண்டு, பாதுகாப்பான தூரத்தில் நின்று பிரார்த்தனை செய்ய அனுமதித்த பிறகே மக்கள் ஒத்துழைத்தார்கள்.

இவற்றில் நமக்குள்ள பாடம் ஒன்றுதான். கூலியையும் மரியாதையையும் பறிக்கும் கட்டுப்பாடு பத்து நாள்கூட நிற்காது. இரண்டையும் காப்பாற்றும் ஏற்பாடு பத்து மாதமும் நிற்கும். மகாராஜபுரம் போல நெல்லும் தென்னையும் மாடும் உள்ள ஊரில் இப்போதே பேசி முடிவு செய்யக்கூடியவை:

• பால் சொசைட்டியில் தெருவாரியாக நேரம். நெல் கொள்முதல் நிலையத்தில் நாள் குறித்த டோக்கன்.

• நடவு, களை, அறுவடைக்குப் போகும் ஆட்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரே குழு சேர்ந்தே வேலை செய்வது. வயல்வெளியைவிட ஆட்களை நெருக்கி ஏற்றும் வண்டியில்தான் ஆபத்து அதிகம். இரண்டு நடையாக ஏற்றுங்கள். முகக்கவசம் போடச் சொல்லுங்கள்.

• தண்ணீர்ப் பாத்திரம் ஆளுக்கு ஒன்று.

• காய்ச்சல் கண்ட வீட்டின் மாட்டைப் பார்க்கவும், அவர்கள் முறைத் தண்ணீரைப் பாய்ச்சவும், அரிசி, காய் கொண்டுபோய்க் கொடுக்கவும் பக்கத்து வீட்டாரையும் மகளிர் குழுவையும் முன்பே பொறுப்பாக்குவது. மாடு பட்டினி கிடக்காது என்று தெரிந்தால்தான் காய்ச்சலை ஒருவர் வெளியே சொல்வார்.

• காய்ச்சல் வந்தால் அன்றே கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல். நோயாளியின் பெயரை ஊரெல்லாம் பரப்பக் கூடாது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு குறைவு. கொரோனாவுக்கு மட்டுமல்ல, காற்றில் பரவும் வேறு காய்ச்சலுக்கும் உதவும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மானமாக எழுதி வையுங்கள். வெள்ளம் வந்த பிறகு யாரும் கண்மாய்க் கரையைப் பலப்படுத்த முடியாது. கோடையிலேயே செய்ய வேண்டிய வேலை அது.